விடிந்தால் சண்டை

“ஏண்டி எல்லம்மா, கண்ணைத் தொறந்துக்கினு தண்ணி தெளிக்க மாட்டியா? பட்டு மேல தெறிக்குது பாரு!”

தெருவிலிருந்து வந்த குரலில் சிம்ரன் விழித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு செல்லியம்மாள்.

“உன் பட்டை உன் வூட்டுக்குள்ள கட்டு. என் வாசல்ல ஏன் கட்டுற?” அம்மாவின் குரல் நடுங்கியபடியே உயர்ந்தது.

“நாலு வூடு நீளம் வர்ற பாவு நூலை சுருட்டி மடியிலயா வெச்சுக்க முடியும்?”

“வெச்சுக்கோயேன். மடி அம்மாம் பெருசாத்தான இருக்குது!”

சிம்ரன் எழுந்து வருவதற்குள் அம்மா வாளியோடு உள்ளே போய்விட்டாள். தறிக்காரர்களுக்குப் பாவு போட்டுத் தருவது செல்லியம்மாளின் பிழைப்பு. தெரு நெடுக இழுத்துக் கட்டிய பட்டு நூலில் அவள் கஞ்சி தடவிக்கொண்டிருந்தாள், எதுவுமே நடக்காதவள் போல.

எதிர்வீட்டு துர்காதேவி சிம்ரனைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

“நேத்து ராத்திரிதான வந்த? இங்க தெனமும் இதே கூத்துதான்மா. ஒண்ணா காமாட்சி கோயிலுக்குப் போய் வந்தவளுங்க. உங்கப்பா செத்து வருசம்கூட திரும்பல, உங்கம்மாகிட்ட போயி வம்பு இழுக்கறாளே, மனுசியா இவ?”

“நீங்க யாரும் கேக்கலயாக்கா?”

“கேட்டோமே! ‘என் வாய், என் பாவு, உனக்கு இன்னாடி’ன்னுட்டா. தெருவுல இப்ப ஒருத்தியும் அவகூடப் பேசறதில்ல.”

சிம்ரனுக்கு முகம் சுட்டது. பக்கத்திலேயே செவிலிமேட்டில் குடியிருந்துகொண்டு இது தெரியாமல் போயிற்றே! அப்பா இறந்த பிறகு போனில் எது கேட்டாலும் அம்மா ‘ம்’ என்றாள். நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொள்வது சிம்ரனுக்கும் வசதியாக இருந்தது.

உள்ளே அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

“எங்கூட வந்துடும்மா. இந்தப் பேச்செல்லாம் நீ எதுக்குக் கேக்கணும்?”

பதில் இல்லை.

“காபி போடட்டா?”

அதற்குத் தலை மட்டும் அசைந்தது. எவ்வளவு நொந்துபோயிருக்கிறாள்!

சிம்ரன் விறுவிறுவென்று தெருவுக்கு வந்தாள்.

“பெரிம்மா, எங்கம்மா நெலமை தெரிஞ்சும் உங்களுக்குக் கொஞ்சம்கூட இரக்கமே வரலயா? போதும். இன்னிக்கே அவங்களைக் கூட்டிக்கினு போறேன்.”

செல்லியம்மாளின் கை நூலின்மேல் நின்றது. எல்லம்மாளின் வாசலை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். அங்கே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் குரலைத் தாழ்த்தினாள்.

“கூட்டிக்கினு போ கண்ணு. நல்லா பாத்துக்கோ. ஆனா அங்கயும் விடிஞ்சா யார்னா அவகிட்ட சண்டைக்குப் போவணும்.”

“கிண்டல் பண்றீங்களா?”

“இல்லம்மா. தெருவே அவகிட்ட பதமா பேசிப் பாத்துச்சு, கல்லாட்டம் உக்காந்திருந்தா. உங்கப்பா போனதுலர்ந்து, என்னைத் திட்டறதுக்கு மட்டும்தான் அவ வாயத் தொறக்கறா.”