மாவுக்குள் போகாத உருளைக்கிழங்கு

அடுப்பிலிருந்து வெந்து இறங்கிய உருளைக்கிழங்குக்கு ஒரே ஆசைதான். இத்தாலி ரொட்டிக்குப் பிசையும் மாவுக்குள் போய்க் கலந்துவிட வேண்டும்.

கிண்ணத்தில் நுரைத்துக்கொண்டிருந்த ஈஸ்ட் பதறியது. "அண்ணே, இந்தச் சூட்டோட வந்தா நான் செத்தே போவேன். தோலை உரிச்சிட்டு, கொஞ்சம் ஆறி வாங்க."

"நேத்து வந்த பொடிப்பயல் நீ. என்னை வெளியே நிக்கச் சொல்றியா?"

"உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம். நீங்க வந்தாத்தான் ரொட்டி மெத்துனு வரும்."

"பேசாதே. இதை நான் மறக்க மாட்டேன்."

உருளைக்கிழங்கு தோலை இறுக்கிப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. உள்ளே சூடு அப்படியே நின்றது. மாவு மூன்று தடவை கூப்பிட்டுப் பார்த்தது. உருளைக்கிழங்கு திரும்பவே இல்லை. கடைசியில் மாவும் ஈஸ்ட்டும் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு குழைந்து, பொங்கி, ஆலிவ் எண்ணெய் தடவிய தட்டில் பரந்து படுத்தன. ஓவன் கதவு மூடியது.

ரொட்டி வாசனை எழுந்தபோது உருளைக்கிழங்கு சில்லென்று ஆகியிருந்தது. மெல்ல உருண்டு ஓவனின் கண்ணாடிக் கதவோடு ஒட்டி நின்றது. உள்ளே ரொட்டி பொன்னிறமாகிக்கொண்டிருந்தது.

"ஆறிட்டேன், தம்பி" என்றது.

உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடி சுட்டது. ஆனாலும் அது நகரவில்லை.