லூர்து மாட்டிய சுவிட்ச்

எலக்ட்ரீசியன் செத்தால் அவருடைய லைசென்சும் அன்றோடு செத்துவிடும். அவர் இழுத்த வயர், மாட்டிய சுவிட்ச் அத்தனையையும் ஒரு மாதத்துக்குள் பிடுங்கிவிட்டு, உயிரோடிருக்கும் ஒருவர் பெயரில் புதிதாகப் போட்டாக வேண்டும், சட்டம் அப்படி. லூர்து போனபின், அவர் வேலை பார்த்த வீடுகளிலெல்லாம் வயரை மாற்றிவிட்டுக் கடைசியாக லூர்துவின் வீட்டுக்கே வந்தான், அவரோடு தொழில் பார்த்த இசக்கி.

அடுப்படி சுவிட்ச் தலைகீழாக இருந்தது. மேல்பக்கம் அழுத்தினால்தான் விளக்கு எரியும். கல்யாணமான புதிதில் லூர்து அவசரத்தில் மாட்டியது. "ஊருக்கெல்லாம் ஒழுங்கா மாட்டுதீய, நம்ம வீட்டுக்கு மட்டும் இப்படியா?" என்று அவர் மனைவி பெர்பெத்து திட்டாத நாளில்லை. "நாளைக்கு மாத்திருதேன்" என்பார், அதோடு சரி.

"இத மட்டும் இப்படியே விட்டுருங்க தம்பி" என்றாள் பெர்பெத்து.

"விட்டா என் லைசென்ஸ் போயிரும், மைனி."

இசக்கி தலைகுனிந்தபடி அதை நேராக மாட்டிவிட்டுப் போனான்.

பொழுது சாய்ந்ததும் பெர்பெத்து அடுப்படிக்கு வந்தாள். விரல் பழக்கத்தில் மேல்பக்கத்தை அழுத்தியது. விளக்கு எரியவில்லை.

"இந்த மனுசனுக்கு எத்தன தடவ சொல்லுதது!"

தன்னையறியாமல் வாய் திட்டிவிட்டது. சுவிட்ச் சரியாகத்தான் இருந்தது.