வாத்து மொழி பேசிய கோழி

அந்தக் குளக்கரையில் எல்லோரும் பேசுவது வாத்து மொழி. புதிதாகக் குடிவந்த கோழியின் வீட்டில் மட்டும் கோழி மொழி. கோழி தினமும் வாத்துகளிடம் போய்த் தப்புத் தப்பாகப் பேசிப் பழகியது. வாத்துகள் சிரித்தன.

“பேசாதேம்மா, மானம் போகுது!” என்றது அதன் பிள்ளை பஞ்சு. பஞ்சு வாத்து மொழியைச் சரளமாகப் பேசும்.

ஒருநாள் பஞ்சு வழுக்கிக் குளத்தில் விழுந்தது. பயத்தில் அதன் வாயில் கோழி மொழிதான் வந்தது. ஏதோ பாட்டு என்று நினைத்து வாத்துகள் நீந்திப் போயின.

கோழி கரைக்கு ஓடிவந்து வாத்து மொழியில் கத்தியது. “என் பிள்ளை தண்ணீர் விழுந்தான்! நீங்க தூக்கு!”

வாத்துகள் சட்டென்று திரும்பிப் பஞ்சுவைக் கரை சேர்த்தன.

சிறகுக்குள் நடுங்கிக்கொண்டே பஞ்சு சொன்னது: “அம்மா, நீ பேசினதுல ரெண்டு தப்பு.”

“தெரியும்டா. நாளைக்கு ஒண்ணாக் குறைச்சிடறேன்,” என்றது கோழி.