பின்னாடி ஒரே சத்தம்

"எல்லாரும் மியூட்ல இருக்கீங்களா?" என்று மூலை மேஜை லேப்டாப் கேட்டது.

காப்பிக்கடையில் இருந்த பதினோரு பேரும் மியூட்டில்தான் இருந்தார்கள். வேறு வழி இல்லை.

மூலை மேஜைக்காரருக்கு வயசு அறுபதைத் தாண்டியிருக்கும். வெறும் சுவரில் சாய்ந்துகொண்டு, காதில் எதையும் மாட்டாமல், ஸ்பீக்கரை முழுசாகத் திறந்துவிட்டு, ஊருக்கே கேட்கும்படி ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தார். காப்பீட்டுக் கம்பெனி வேலை. எந்த லாரி எந்த மதிலில் மோதியது, யாருக்கு எந்தக் கை முறிந்தது எல்லாம் அரை மணி நேரத்தில் கடைக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

அடுத்த மேஜையில் அவள் உட்கார்ந்திருந்தாள், மகளோடு.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் பேசுவாள். எண்பது பேரிடமும் ஒரே பேச்சு. மூச்சை இழுத்துப் பிடிங்க, ம், விடுங்க. பதிலுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் என்னத்தைச் சொல்வார்கள்?

வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. அன்றைக்குப் பள்ளி விட்டதும் மகளை நேராக இங்கே கூட்டி வருவாள். ஒரு கேக், இரண்டு ஸ்பூன். அந்த முக்கால் மணி நேரத்தில் ஆறு வயசுக்காரி பேசுவதைத்தான் மற்ற ஆறு நாளும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வாள்.

"அம்மா, ஆடுற பல்லு கேக்கோட சேந்து உள்ள போயிடுமா?"

அவள் உதட்டில் விரலை வைத்தாள். மெதுவா.

இன்னொரு கேள்வி. மறுபடியும் விரல்.

மூன்றாவது தடவை குழந்தையே மூலை மேஜையைப் பார்த்துவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டது.

அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. யாரோ ஒருவரின் ஆபீஸ் கடை முழுக்கக் காலை நீட்டிப் படுத்திருக்கிறது; தன் பிள்ளை தன் மேஜையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டுமா?

கல்லாவில் இருந்த அம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். தினமும் வருகிறவராம், காத்திருந்தாவது அதே மேஜையைப் பிடிப்பாராம். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சமாம்.

அவள் எழுந்தாள். கேட்க வேண்டிய கேள்வியை நடக்கும்போதே நாக்கில் தயாராக வைத்துக்கொண்டாள்: இது என்ன உங்க வீடா?

அவர் மேஜைக்கு முன்னால் போய் நின்ற அதே நேரம் பின்னாலிருந்து கத்தல். "அம்மா! பல்லு கையோட வந்துடுச்சு!"

கடையே திரும்பிப் பார்த்தது. லேப்டாப்பும் நிறுத்திவிட்டுக் கேட்டது. "சார், உங்க பின்னாடி ஒரே சத்தம். எங்க இருக்கீங்க?"

அவர் கேமராவை நோக்கிக் குனிந்தார். முகம் பூரித்திருந்தது.

"மன்னிச்சுக்குங்க. பொண்ணு வந்திருக்கா, பேத்தியைக் கூட்டிக்கிட்டு. வீடே ரெண்டுபட்டுக் கிடக்கு."

"அடடே! பேத்தியைக் கொஞ்சம் காட்டுங்க சார்." இளசான குரல். இன்னும் இரண்டு குரல்கள் சேர்ந்துகொண்டன. காட்டுங்க, காட்டுங்க.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். லேப்டாப்புக்கு அந்தப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் காது மடல் இரண்டும் சிவந்தன. திருடியதைக் கையில் வைத்துக்கொண்டே அகப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அவ கொஞ்சம்... கூச்சப்படுவா" என்றார். அந்த அரை மணி நேரத்தில் முதல் தடவையாக அவர் குரல் தாழ்ந்திருந்தது.

அவள் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள். படம் இல்லை, ஆணி இல்லை. திரையில் பார்க்கிறவர்களுக்கு அது எந்த வீட்டுச் சுவராகவும் இருக்கலாம். தினமும் இந்த மேஜையே வேண்டும் என்று இவர் காத்திருந்து பிடிப்பது எதற்காக என்று அவளுக்குத் தெரிந்துபோனது. இந்தச் சுவருக்காகவும், அவர் வீட்டில் இல்லாத இந்தச் சத்தத்துக்காகவும்.

நாக்கில் இருந்த கேள்வி நாக்கிலேயே இருந்தது.

லேப்டாப்புக்கும் கேட்கட்டும் என்று குரலைச் சற்று உயர்த்தினாள்.

"அப்பா, காப்பி ஆறுது."

அந்தப் பக்கம் சிரிப்பு. "போங்க சார், பொண்ணு கூப்பிடுறாங்க. மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவர் லேப்டாப்பை மூடினார். இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் வைத்து அழுத்தினார். சொன்ன பேச்சைக் கேட்கிறவராக, கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

கடையில் ஸ்பூன்கள் தட்டில் படும் சத்தம் மறுபடியும் கேட்க ஆரம்பித்தது.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். மகளின் உள்ளங்கையில் பல் இருந்தது. மகள் பல்லைப் பார்க்கவில்லை. மூலை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா செத்துப் போயிட்டாருன்னு சொன்னியேம்மா?"

அவள் ஒரு காகிதக் கைக்குட்டையை எடுத்து அதில் பல்லை வைத்து மடித்தாள். இன்னொரு மடிப்பு மடித்தாள். அதற்கு மேல் மடிக்க முடியாத வரைக்கும் மடித்துக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய அப்பா சாகவில்லை. ஐந்து பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார்.

தனக்கு ஒரு பேத்தி இருப்பது அவருக்குத் தெரியாது.