பாங்கு முடிந்த அரை நிமிடம்

மேலப்பாளையத்துப் பட்டறை வாசலில் அந்த இருபத்தெட்டு வயது வெள்ளைக் கார் உடம்பெல்லாம் உதற ஓடிக்கொண்டு நிற்கிறது. முன்பக்கத்தில் கயிறு மாட்டியாயிற்று; மறுமுனை பழைய இரும்புக்காரரின் வண்டியில். “பிளக்கு, கார்புரேட்டர் எல்லாம் மாத்தியாச்சு. இன்னும் உதறுது. விட்டுத்தள்ளும்மா,” என்கிறார் மெக்கானிக் சிராஜுதீன். ஏழு வருஷமாக ராதாபுரத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தன்னை ஏற்றிப்போகிற காரை லேசில் விட அர்ஷியா டீச்சருக்கு மனசில்லை. எங்கோ ஓர் ஓட்டை வழியாக எஞ்சின் காற்றை இழுப்பதால்தான் உதறுகிறது என்று அவளுக்குச் சந்தேகம். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சின் மேல் பைய நகர்த்துகிறாள். பக்கத்துக் கடையில் இரும்பறுக்கும் மெஷின் அலறுகிறது. குழாய்க்குள்ளும் அதே அலறல்தான். பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலிக்கிறது. மெஷின் அடங்குகிறது. பாங்கு முடிந்தும் கடைக்காரர் கையேந்தி துஆ ஓதிக்கொண்டிருக்கிறார். அந்த அரை நிமிட அமைதியில், காதுக்குள், ஸ்ஸ்ஸ்... அர்ஷியா குழாயை அங்கேயே நிறுத்துகிறாள். “சிராஜண்ணே, இங்கன சீறுது!” சுண்டுவிரல் தடிமனில் ஒரு கறுப்பு டியூப், கண்ணில் படாத அடிப்பக்கத்தில் வெடித்திருக்கிறது. விரலால் அழுத்திப் பொத்துகிறாள். எஞ்சின் விரலைச் சப்பி இழுக்கிறது. உதறல் சட்டென்று நிற்க, அதுவரை எஞ்சின் ஓரத்தில் கிலுகிலுத்த ஸ்பேனர்கூட அசையாமல் கிடக்கிறது. “அடி ஆத்தி!” என்கிறார் சிராஜுதீன். மெஷின் மறுபடி அலறத் தொடங்குகிறது. அதற்கும் மேலே குரலெடுத்து, “அந்தக் கயித்த அவுருங்க!” என்று கத்துகிறாள் அர்ஷியா, விரலை எடுக்காமல்.