நைனான்னு கூப்பிடறாரே

தணிகைவேலின் பைக் வாசலில் நின்றதுமே சிவப்பிரகாசம் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. "வா நைனா" என்றார்.

"பாத்தியாம்மா?" தணிகைவேலுக்கு முகமெல்லாம் பெருமை. "இத்தினி வருசம் ஆக்கிப் போட்ட உன்னை யாருன்னு கேக்குறாரு. என்னை மறந்தாரா?"

கோவிந்தம்மாள் ஆறிப்போன காபி டம்ளரை எடுத்தாள். சற்று முன்புதான் காபி கொண்டுபோய் நீட்டியவளிடம் அவள் புருஷன், "யாரைப் பாக்கணும்மா? நைனா கழனிக்குப் போயிருக்காரு" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பப் பார்த்தார்.

டாக்டரிடம் காட்டலாம் என்று ஒரு வருடமாக மகனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்.

"பெத்த புள்ளைய நல்லா அடையாளம் தெரியுது. அப்புறம் என்னாத்துக்கு டாக்டர்கிட்ட இட்டுகினு போயி ஊர் சிரிக்கணும்?"

அந்த வீட்டில் பெற்றவரும் நைனா, செல்லமாய்க் கூப்பிட்டால் பிள்ளையும் நைனா. அந்தப் பக்கத்து வழக்கம். அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

மறுநாள் சிவப்பிரகாசம் எந்த பஸ்ஸிலோ ஏறிப் போய், கனகம்மாசத்திரத்தில் வேட்டி நழுவியதுகூடத் தெரியாமல் நின்றார். ஊரே பார்த்துவிட்டது. இனி மறைக்க எதுவும் இல்லை என்றான பிறகுதான் தணிகைவேல் அவரைத் திருத்தணிக்கு அழைத்து வந்தான்.

டாக்டர் பானுப்ரியா ஸ்கேனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். போன வருடமே வந்திருந்தால் மாத்திரையிலேயே இந்த மறதியைக் கொஞ்ச காலம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டார்.

கோவிந்தம்மாள் மகனைப் பார்த்தாள்.

"என்னை மறக்கலீங்களே மேடம். வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க."

டாக்டர் சிவப்பிரகாசத்தின் பக்கம் குனிந்தார். "இவர் யாருங்க?"

"நைனா."

தணிகைவேல் அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

"சரிங்க. உங்களுக்கு எத்தனை பசங்க?"

சிவப்பிரகாசம் நெளிந்தார். தணிகைவேலை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"நைனா இன்னும் எனக்குப் பொண்ணே பாக்கலீங்க."