சரிந்தால் நிற்கும் குதிரை

எங்கள் மலையின் மட்டக்குதிரைகள் தலைமுறைகளாக உருளைக்கிழங்கு மூட்டை சுமந்தவை. முதுகில் பாரம் சரிந்தால் அங்கேயே நின்றுவிடும். அதனால் தடை தாண்டும் போட்டியில், தாண்டுவதற்கு ஆள் முன்னால் சாய்ந்ததுமே நின்று தோற்றுக்கொண்டிருந்தன. இந்த வருடம் நடுவர் ரெபேக்காள் தடைகளையெல்லாம் பிடுங்கிப் போட்டார். பாதி ஓட்டத்தில் சவாரிக்காரர் வேண்டுமென்றே சரிய வேண்டும். எந்தக் குதிரை சட்டென்று நிற்கிறதோ அதற்குத்தான் கோப்பை. மூட்டை சுமக்கும் அருளப்பனும் போட்டியில் ஓட்டிவந்து சரிந்தார். அவருடைய கிழட்டுக் குதிரை அடுத்த அடி வைக்காமல் நின்றது. நின்றதும், வழக்கம்போல் கண்களை இறுக மூடிக்கொண்டது. “ஜெயிச்சாச்சு, இறங்குங்கண்ணே,” என்றார் ரெபேக்காள். அருளப்பன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். “செத்த நேரம் இரும்மா. இத்தனை வருஷமும் நின்னா அடிச்சேன். இனிமே அடி விழாதுன்னு அதுக்குத் தெரியட்டும்.” வெகுநேரம் கழித்து அது ஒரு கண்ணை மட்டும் திறந்தது.